காசி, பிரயாகை, கயா: முட்டிவலி உள்ள அம்மாவோடு ஏழு நாளில் முடியுமா?

உறையூர்வாசி:

நவம்பர் கடைசியில் அப்பா (74), அம்மா (68) இருவரையும் காசிக்கு அழைத்துப் போகிறேன். கிளம்புவது திருச்சியிலிருந்து, ரயிலில். போகவர ஆகும் நாட்களைக் கழித்தால் அங்கே ஏழு நாள் கையில் இருக்கும். அப்பா நன்றாக நடப்பார், சர்க்கரை மட்டும் உண்டு. அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்மானம். கைப்பிடி இருந்தால் ஒரு மாடி ஏறுவார். தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும்.

தெரிய வேண்டியவை: எந்தப் பக்கம் ரூம் போடுவது? விசுவநாதர் தரிசனத்துக்கு எந்த நேரம் தோது? அம்மாவைக் கங்கையில் எப்படி இறக்கி ஏற்றுவது? பிரயாகை, கயா இரண்டையும் காசியில் தங்கிக்கொண்டே போய்வந்துவிடலாமா? கடைசியில் ராமேசுவரத்துக்குத் தீர்த்தமும் கொண்டு போக வேண்டும் என்று அப்பா சொல்கிறார். பேக்கேஜ் டூர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம், அதைத் தவிர மற்ற யோசனை சொல்லுங்கள்.

கோதௌலியா:

தேதியைப் போடும் முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். தீபாவளி முடிந்து வரும் கார்த்திகைப் பௌர்ணமி அன்று அங்கே தேவ தீபாவளி. படித்துறை முழுக்க விளக்கு, அழகுதான். ஆனால் அதை ஒட்டி இரண்டு மூன்று நாளைக்கு ரூம் வாடகை பல மடங்கு, படகு கிடைக்காது, கூட்டத்தில் முட்டிவலிக்காரர் நகரவே முடியாது. பௌர்ணமி கழிந்து நான்கு நாள் விட்டுப் போய் இறங்குங்கள். டிசம்பர் பாதிக்குத் தள்ளவும் வேண்டாம். பனிமூட்டம் ஆரம்பித்தால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதம்.

அடுத்து ஸ்டேஷன். அந்த ஊருக்கு ஐந்து ஸ்டேஷன். வாரணாசி ஜங்ஷன் என்பதை அங்கே எல்லோரும் ‘கேண்ட்’ என்பார்கள். பனாரஸ் என்று போர்டு இருப்பது பழைய மண்டுவாடீ, 2021இல் பெயர் மாறியது. காசி தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ் அங்கேதான் போய் நிற்கும். காசி என்ற பெயரிலேயே ராஜ்காட் பாலத்தடியில் ஒரு ஸ்டேஷன், வாரணாசி சிட்டி என்று இன்னொன்று. ஐந்தாவது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தீன் தயாள் உபாத்யாயா ஜங்ஷன், அதாவது பழைய முகல்சராய். ஆட்டோக்காரரிடம் இன்றும் முகல்சராய் என்றால்தான் சட்டென்று புரியும். அங்கே இறங்கினால் ஊருக்குள் வர 17 கிலோமீட்டர் இருக்கும். ராஜ்காட்டில் ஆற்றைத் தாண்டும் அதே மாளவியா பாலத்தில் மாட்டினால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். டிக்கெட் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கும். போகும் டிக்கெட் எடுத்த கையோடு திரும்பும் டிக்கெட்டுக்கும் நாளைக் குறித்து வையுங்கள். அதில்தான் பலர் கோட்டை விடுவது.

ரூம். ‘கங்கை தெரியும் அறை’ என்று போட்டோவைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். ஆற்றை ஒட்டிய லாட்ஜ் பலவற்றுக்கும் கார் போகாது. சந்தில் நடந்து, படி இறங்கி, மறுபடி படி ஏறித்தான் போய்ச் சேர வேண்டும். போனில் மூன்றே கேள்வி: வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசல் எவ்வளவு தூரம், நடுவில் எத்தனை படி, லிஃப்ட் எந்த மாடி வரை. மூன்றாவதை விடாமல் கேளுங்கள். சில இடங்களில் லிஃப்ட் முதல் மாடியிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

உங்களுக்குப் பொருந்துவது சோனார்புராச் சாலையை ஒட்டிய பகுதி. அசியிலிருந்து கோதௌலியா போகும் சாலையில் நடுவே வரும். ஆட்டோ வாசல் வரை வரும், கேதார் காட்டும் அனுமான் காட்டும் பக்கம் (காட் என்றால் படித்துறை). தமிழ் காதில் விழும், இட்லியும் ரசமும் கிடைக்கும். விசுவநாதர் கோயிலுக்கே கிட்டத்தில் வேண்டுமென்றால் கோதௌலியா அருகே நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம். முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொண்டு போக வேண்டும், நேரே போய் நின்றால் இடம் நிச்சயமில்லை. ஒன்று, கோதௌலியாவிலிருந்து மைதாகின் வரையிலான சாலையில் பெரும்பாலான நேரம் வண்டி விடமாட்டார்கள். கூட்ட நாளில் தடுப்பு இன்னும் முன்னாலேயே வந்துவிடும்.

தரிசனம். நடை அதிகாலை இரண்டரைக்குத் திறக்கும். 3 முதல் 4 வரை மங்கள ஆரத்தி, அதற்குத் தனி டிக்கெட். 4 மணியிலிருந்து பொது தரிசனம். 11.15க்கு போக் (நைவேத்திய) ஆரத்தி தொடங்கினால் வரிசை ஒரு மணி நேரத்துக்கு மேல் தேங்கும். மாலை ஏழு மணி சப்தரிஷி ஆரத்தியின்போதும் அப்படித்தான். ஆகவே உங்களுக்கு நேரம் காலை 4 முதல் 6. திங்கட்கிழமையும் பிரதோஷமும் வேண்டாம். கட்டண தரிசனச் சீட்டை கோயிலின் சொந்த இணையதளத்தில் மட்டும் எடுங்கள். சந்தில் மறித்து ‘விஐபி தரிசனம்’ என்பவர் விற்பது பெரும்பாலும் அதே சீட்டை மூன்று மடங்கு விலைக்கு. ஆதார் அசல் கையில் இருக்கட்டும்.

செல்போன், ஸ்மார்ட் வாட்ச், பவர் பேங்க், இயர்போன், பேனாகூட உள்ளே கூடாது. எல்லாவற்றையும் ரூமிலேயே வைத்துவிட்டு வருவதுதான் நிம்மதி. ‘லாக்கர் இலவசம்’ என்று கூப்பிடும் கடையில் இலவசம் லாக்கருக்கு மட்டும்தான், கூடவே ஒரு பிரசாதக் கூடை உங்கள் தலையில் விழும்; விலை கேட்காமல் வாங்கினால் அங்கேயே தகராறு. போன் இல்லாமல் மூன்று பேரும் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். எந்த கேட்டில் நுழைந்தோமோ அதே கேட்டின் வெளியே, என்று.

அம்மாவுக்கு நான்காம் கேட். சாலையை ஒட்டியது, சக்கர நாற்காலி கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். 2021 டிசம்பரில் கோயிலின் புது வளாகம் திறந்த பிறகு லலிதா காட்டிலிருந்து கங்கா துவாரம் வழியாகவும் நுழையலாம், படகில் வந்து இறங்க நன்றாக இருக்கும். ஆனால் செங்குத்தாகப் படி. அப்பா மட்டும் வேண்டுமானால்.

சன்னதியில் ஒரு விஷயம். நம்மூர்க் கோயில் நினைப்பில் எல்லோரும் நேரே பார்ப்பார்கள், ஒன்றும் தெரியாது. லிங்கம் நடுவில் இல்லை, கண் மட்டத்திலும் இல்லை. ஒரு மூலைப் பக்கமாக, வெள்ளி வேய்ந்த சதுரத் தொட்டிக்குள், தரையோடு தாழ்ந்து இருக்கும். வாசற்படியில் நின்றதுமே கண்ணைக் கீழே இறக்குங்கள். தொட்டு வணங்க விடாத நேரங்களில் வாசலில் உள்ள உலோக வாயில் பாலை ஊற்றினால் அது ஓடிப்போய் லிங்கத்தின் மேல் விழும். பால் கிண்ணத்தை அம்மா கையில் முன்பே கொடுத்து வையுங்கள். கிடைப்பது சில வினாடி, அங்கே நின்று மூடியைத் திறக்க நேரம் இருக்காது.

படித்துறை:

குளியல் பற்றி மேலே யாரும் சொல்லவில்லை, அதுதான் ஆபத்தான இடம்.

கேதார் காட் தமிழர்களுக்குப் பழகிய இடம். குமரகுருபரர் வழிவந்த திருப்பனந்தாள் காசி மடத்தின் குமாரசுவாமி மடமும் அங்கேதான், கேதாரேசுவரர் கோயிலும் அவர்கள் பராமரிப்பு. ஆனால் படி நெட்டுக்குத்து. அம்மாவை மேலே சாலைப் பக்கத்து வாசலால் கோயிலுக்கு மட்டும் அழைத்துப் போங்கள். அங்கே குளிக்க இறக்க வேண்டாம்.

அவருக்கு நமோ காட் பாருங்கள். ராஜ்காட் பாலத்துக்கு அருகே, பழைய கிட்கியா காட். கார் கிட்டத்தட்ட ஆற்றங்கரை வரை போகும், சாய்தளம் உண்டு. பழமை மணம் கிடையாது, புதுச் சிமெண்ட். ஓடுவது அதே கங்கை. தசாசுவமேதத்தில் படி அகலம், ஏறி இறங்க மற்ற இடங்களைவிட எளிது, ஆனால் நெரிசல். அசியில் படி குறைவு; ஆறு தள்ளிப் போய் நடுவே சேறு கிடக்கும், வழுக்கும்.

எந்தத் துறையானாலும் தண்ணீருக்குள் இருக்கும் படியைக் கண்ணால் நம்பாதீர்கள். பாசி பிடித்திருக்கும், கடைசிப் படிக்கு அப்பால் திடீரென்று ஆழம். செய்ய வேண்டியது: தண்ணீர் தொடும் படிக்கு ஒரு படி மேலே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு அம்மாவை உட்கார வையுங்கள். பாதம் தண்ணீரில் இருந்தால் போதும், சொம்பால் தலைக்கு ஊற்றலாம். மூழ்கியே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தால் சங்கிலி கட்டிய இடமாகப் பார்த்து, இரண்டு பேர் பிடித்து, இடுப்பு மட்டத்துக்கு மேல் போகாமல். கங்கை காசியில் வடக்கு நோக்கி ஓடுகிறது, படித்துறைகள் கிழக்குப் பார்த்தவை. ஆற்றைப் பார்த்து நின்றால் இழுப்பு வலமிருந்து இடமாக வரும். ஆகையால் பலசாலி அம்மாவின் இடது பக்கம் நிற்க வேண்டும். பலரும் வலது கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கால் நழுவினால் இழுத்துப் பிடிப்பதற்குள் ஆள் போயிருப்பார்.

சேலை நனைந்தால் பாரம் இரட்டிப்பாகும், காலைச் சுற்றும். சுடிதார் அல்லது நைட்டியின் மேல் ஒரு துண்டு, அதுதான் சரி. செருப்பைக் கழற்றி ரப்பர் பிடிப்புள்ள சாக்ஸ் போட்டுவிடுங்கள்.

பஞ்ச தீர்த்தம் என்று அசி, தசாசுவமேதம், ஆதிகேசவம், பஞ்சகங்கை, மணிகர்ணிகை ஐந்திலும் அந்த வரிசையில் நீராடுவது வழக்கம். வரிசையைப் பாருங்கள்: தெற்குக் கோடியில் தொடங்கி, வருணை ஆறு கங்கையில் சேரும் வடக்குக் கோடிக்குப் போய், திரும்பித் தெற்கே வர வேண்டும். நடந்து ஆகாது. காலையில் படகு பேசி, அப்பா ஒவ்வொரு துறையிலும் இறங்க, அம்மா படகிலேயே உட்கார்ந்து தலையில் நீர் தெளித்துப் புரோட்சணம் செய்துகொள்ளலாம்.

படகு பேசும்போது நான்கைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: பணம் ஆளுக்கா முழுப் படகுக்கா, எந்தத் துறையிலிருந்து எதுவரை, எத்தனை மணி நேரம், நடுவில் எத்தனை இடத்தில் நிறுத்தம். ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது ஒன்றுமாகச் சொல்வது இந்த நான்கில் ஏதாவது விட்டுப்போவதால்தான். மாலை ஆரத்தியைப் படகிலிருந்து பார்த்தால் முழங்கால் தப்பிக்கும். ஆனால் படகுகள் ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துக்கொள்ளும், முடியும்வரை வெளியே வர வழியில்லை. சர்க்கரைக்காரர் கழிப்பறைக்குப் போய்விட்டு ஏறட்டும்.

நேராகப்பேசு:

மணிகர்ணிகையில் யாராவது வந்து ‘நான் இங்கே முதியோர் இல்லத்தில் சேவை செய்கிறேன், ஏழைகள் தகனத்துக்கு விறகுக்குக் காசு கொடுங்கள், கிலோ இத்தனை’ என்றால் பேச்சை வளர்க்காமல் நகருங்கள். மாடியில் ஏறிப் பார்க்கலாம் வாருங்கள் என்பதும் அதே கும்பல்தான். அங்கே போட்டோ எடுப்பது மரியாதையும் இல்லை, வம்பும் வரும்.

இன்னொன்று. காசியில் மாடு முட்டாது, பல்லி சொல்லாது, பூ மணக்காது என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லிவருகிறோம். பல்லி, பூ பற்றி எனக்குக் கருத்து இல்லை. மாடு முட்டும். விசுவநாதர் சந்தில் எதிரே காளை வந்தால் கடைப் படியில் ஏறி நின்று வழிவிடுங்கள்.

சேதுமாதவம்:

தரிசனமும் குளியலும் சொல்லிவிட்டார்கள். நான் யாத்திரை வரிசையைச் சொல்கிறேன். அது சரியாக இருந்தால் அலைச்சலும் பாதி குறையும்.

அப்பா தீர்த்தம் பற்றிக் கேட்பதால் முறைப்படி செய்ய நினைக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஆரம்பமே ராமேசுவரம். அக்னி தீர்த்தத்தில் நீராடி மணலில் மூன்று லிங்கம் பிடித்து சேது மாதவர், பிந்து மாதவர், வேணி மாதவர் என்று பூஜிப்பார்கள். முதல் இரண்டையும் கடலிலேயே கரைத்துவிட்டு, வேணி மாதவர் மணலை எடுத்துவந்து திரிவேணி சங்கமத்தில் சேர்க்க வேண்டும். அங்கிருந்து கங்கை நீர் எடுத்துப்போய் ராமநாதருக்கு அபிஷேகம். எனவே பிரயாகை, காசி, கயா, கடைசியில் ராமேசுவரம். தீர்த்தம் எடுக்கும் இடம் பிரயாகை. காசியிலிருந்து கங்கை நீரையோ மண்ணையோ எடுத்துவரும் வழக்கம் இல்லை.

இந்த வரிசை ரயிலுக்கும் ஒத்துவரும். நம் பக்கத்திலிருந்து காசிக்குப் போகும் வண்டிகள் பலவும் பிரயாக்ராஜ் சியோக்கி வழியாகத்தான் போகின்றன. அங்கேயே இறங்கிவிடுங்கள். காசிவரை போய், மறுபடி 120 கிலோமீட்டர் பின்னால் வருவது எதற்கு? சியோக்கி நைனி பக்கம் இருக்கிறது, ஊருக்கு வர ஆட்டோ வேண்டும்.

பிரயாகையில் ஒரு இரவு. தமிழ் பேசும் வாத்தியார்கள் தாராகஞ்ச் பகுதியில் இருக்கிறார்கள், முன்பே பேசிவிடுங்கள். காலையில் கோட்டைப் பக்கத்திலிருந்து படகு. சங்கமத்தில் படகுகளைப் பிணைத்துப் பலகை போட்டு, அதிலிருந்து தண்ணீரில் இறங்கும்படி செய்திருப்பார்கள். பச்சையாக ஓடுவது யமுனை, ஆழமும் அமைதியும் அதிகம். வெளிறிக் கலங்கலாக வருவது கங்கை, ஆழம் குறைவு, வேகம் அதிகம். கோடு கிழித்தாற்போல் தெரியும். பலகைக்கும் தண்ணீருக்கும் இடையே உள்ள ஏணி உங்கள் அம்மாவுக்குச் சிரமம். பலகை ஓரத்தில் உட்காரவைத்துச் சொம்பால் ஊற்றுங்கள்.

வேணி தானம் இங்கேதான். தம்பதியாக வருபவர்களுக்கு உரியது. கணவர் மனைவியின் தலையை வாரிப் பின்னி, நுனியைச் சிறிது கத்தரித்து மஞ்சள் குங்குமத்தோடு கொடுக்க, அதைச் சங்கமத்தில் விடுவார்கள். மற்ற இடத்தில் மிதக்கும் முடி இங்கே மூழ்கும் என்பது நம்பிக்கை. சீப்பு, கண்ணாடி, மஞ்சள், குங்குமம், பூ, ரவிக்கைத் துணி ஊரிலிருந்தே எடுத்துப்போய்விடுங்கள். அம்மா நாற்காலியில் உட்காரலாமா என்று வாத்தியாரிடம் முதல் நாளே கேட்டு வையுங்கள். யாரும் மறுப்பதில்லை, ஆனால் படகில் நாற்காலி இருக்காது. படகில் வேறு யாராவது தேங்காயும் பாலும் எடுத்து வந்து ‘சங்கல்பம்’ என்று ஆரம்பித்தால் வாத்தியார் இருக்கிறார் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுங்கள். மிதக்கும் தேங்காய் அடுத்த படகுக்குத்தான் போகும்.

நேரம் இருந்தால் சங்கமத்துக்கு அருகே காஞ்சி மடத்தின் சங்கர விமான மண்டபம். மூன்று நிலை, ஏறுவது படி. கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மதியம் சாப்பிட்டுவிட்டுக் காரில் காசி, மூன்று மணி நேரம். காசியில் மூன்று நாள் வையுங்கள். விசுவநாதர், அன்னபூரணி, மீர் காட்டில் நகரத்தார் பராமரிக்கும் விசாலாட்சி மூன்றும் ஒரே காலையில் முடியும், தூரம் குறைவு. கால பைரவர் தனியாக இன்னொரு நாள். அது மைதாகின் பக்கம், காசிக் கயிறு அங்கேதான். தங்க அன்னபூரணியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அது தீபாவளியை ஒட்டிய சில நாட்களுக்கு மட்டும்.

கயாவை காசியிலிருந்து ஒரே நாளில் காரில் போய்வரலாம் என்று டிராவல்ஸ்காரர் சொல்வார். 250 கிலோமீட்டர், போக ஐந்தாறு மணி நேரம். நடுவில் சிராத்தம் நான்கைந்து மணி நேரம். 74 வயது சர்க்கரைக்காரர் பட்டினியாக இருந்து இதைச் செய்யக் கூடாது. முகல்சராயிலிருந்து கயாவுக்கு ரயில் மூன்று மணி நேரம். முதல் நாள் மதியம் போய் இரவு தங்கி, காலையில் காரியம் ஆரம்பித்தால் நிதானமாக முடியும்.

கயாவில் பல்கு ஆறு, விஷ்ணு பாதம் கோயில், அட்சய வடம் என்ற ஆலமரம் மூன்று இடத்திலும் பிண்டம். பல்குவில் முன்பு மணலைத் தோண்டித்தான் தண்ணீர் பார்க்க வேண்டும். 2022இல் ரப்பர் தடுப்பணை கட்டியபின் விஷ்ணு பாதத்துக்கு அருகே தண்ணீர் நிற்கிறது. தாயாருக்கென்று தனியே 16 பிண்டம் உண்டு, மாத்ரு ஷோடசி. கருவில் சுமந்தது முதல் அவள் பட்ட ஒவ்வொரு பாட்டையும் சொல்லி ஒவ்வொன்றாக வைப்பது. அட்சய வடத்தில் காய், பழம், இலை ஒவ்வொன்றை இனி உண்பதில்லை என்று விடுவார்கள். எதை விடுவது என்று அப்பா முன்பே யோசித்து வைக்கட்டும். கூட்டத்தில் அவசரப்படுத்தும்போது வாயில் வருவதைச் சொல்லிவிட்டு, பிறகு வீட்டில் ஆயுசுக்கும் வாழைப்பழம் சாப்பிடாமல் இருப்பவர்கள் உண்டு.

அப்பா இருக்கும்போது கர்த்தா, அதாவது காரியம் செய்பவர், அவர்தான், நீங்கள் உதவிக்கு மட்டும். தாய் வழி, தந்தை வழி மூன்று தலைமுறைப் பெயரும் கோத்திரமும் தாளில் எழுதிக் கையில் வையுங்கள். பணம் பேசும்போது சாமான், போஜனம், தட்சிணை, கயாவாலி பண்டாவுக்கு (உள்ளூர்ப் புரோகிதருக்கு) உரியது எல்லாம் சேர்த்தா என்று கேளுங்கள். அட்சய வடத்தடியில் வந்துதான் ‘இது தனி’ என்ற பேச்சு கிளம்பும்.

உறையூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. வரிசையை மாற்றிவிட்டேன்: சியோக்கியில் இறங்கி பிரயாகை ஒரு இரவு, காசி, கயா ஒரு இரவு, திரும்ப முகல்சராய். இரண்டு சந்தேகம். சிராத்தத்தன்று அப்பாவின் மாத்திரையை என்ன செய்வது? காசியில் விற்கும் மூடி ஒட்டிய செப்புச் சொம்பை வாங்கி ராமேசுவரம் கொண்டு போகலாமா?

கோதௌலியா:

மாத்திரையைக் கிளம்பும் முன் உங்கள் டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். சாப்பிடாமல் போட்டால் சர்க்கரை இறங்கும் வகையா என்பதுதான் கேள்வி. காரியம் முடிய மதியம் ஆகிவிடும் என்று அவரிடம் மணிக்கணக்கோடு சொல்லுங்கள். பாலும் பழமும் பொதுவாக அனுமதிப்பார்கள். குளுக்கோஸ் உங்கள் பையில் இருக்கட்டும், அப்பாவின் பையில் அல்ல. கரையில் அவர் வேட்டியோடுதான் உட்கார்ந்திருப்பார்.

சேதுமாதவம்:

கடைச் சொம்பு வேண்டாம். ஈயம் வைத்து மூடியதற்குள் எந்த ஊர்த் தண்ணீர் என்று யாருக்குத் தெரியும்? பூஜை அறையில் வைக்க வாங்கலாம், அபிஷேகத்துக்கு இல்லை.

ஐந்து லிட்டர் கேன் ஒன்றைப் புதிதாக வாங்கி, சங்கமத்தில் படகிலிருந்து மூன்று முறை அலசி நிரப்புங்கள். கழுத்துவரை நிரப்பாமல் நான்கு விரல் இடம் விடுங்கள். மூடிக்கு அடியில் பாலிதீன் தாளை இரண்டாக மடித்து வைத்துத் திருகி, வெளியே டேப் சுற்றினால் ரயிலில் கசியாது. படுக்கைக்கு அடியில் நிமிர்த்தி வைத்து ஒரு கயிற்றால் கட்டிவிடுங்கள். வண்டல் இரண்டு நாளில் அடியில் தங்கிவிடும். ராமேசுவரம் போகும் முன் கேனை ஆட்டாமல் தெளிந்த மேல்நீரை மட்டும் செப்புப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். தகரம், இரும்பில் கொண்டு போகாதீர்கள், அபிஷேகத்துக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மீதி ஒரு லிட்டராவது வீட்டில் நிற்கும். உறவினர் கேட்டு வருவார்கள், சின்னப் பாட்டில்களை இப்போதே சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.